இருபத்தெட்டு நாள் பசி

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், என்ன ஆச்சோ என்று பதறிவிடாதீர்கள். ஒன்றும் ஆகவில்லை, நலமாக இருக்கிறேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் "சொல்லு வாயாடி" என்று ஆரம்பித்ததுமே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் உறுத்தல் நின்றதா?

வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். உங்கள் அக்கா எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு சோப்புக் கம்பெனியில ஆபீசர்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஆபீசர் இல்லை, மாமா. கலக்குகிறவள். ஷாம்பு, பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் திரவம் எல்லாம் தண்ணீராக ஓடாமல் தேன் மாதிரி இறங்குவதற்கு ஒரு பொருள் சேர்ப்பார்கள். அது ஒரு பாலிமர். பிளாஸ்டிக்குக்குச் சித்தப்பா பிள்ளை முறை. தண்ணீரில் கரைந்து கண்ணில் படாமல் போய்விடும், ஆனால் மட்காது. காலி பாட்டிலையாவது யாராவது பொறுக்கி எடுப்பார்கள். உள்ளே இருந்ததை யார் பொறுக்குவது?

அதற்குப் பதிலாக மரக்கூழிலிருந்து ஒன்று செய்துகொண்டிருக்கிறோம். திரவத்தைக் கெட்டியாக்குவதால் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் 'கெட்டிக்காரன்'. அது உண்மையிலேயே மட்குமா என்று பார்க்கக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதிவிடும் தொட்டியின் தண்ணீர் வேண்டும். கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் அதில்தானே இருக்கின்றன. இங்கே பக்கத்திலேயே ஒரு நிலையம் உண்டு. போன் செய்தேன். மூன்று முறை "யாரு? யாரு?" என்று அதட்டினார்கள். வைத்துவிட்டேன்.

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. எங்கள் கம்பெனி வேன் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் நிலையத்தைத் தாண்டித்தான் போகிறது. பத்து லிட்டர் கேன் ஒன்று தர முடியுமா? உங்கள் சூப்பர்வைசருக்குக் கம்பெனிக் கடிதம் இணைத்திருக்கிறேன். தொந்தரவு என்றால் விட்டுவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

வணக்கத்துடன்,
உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 11

அன்பு மருமகள் வாயாடிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அத்தையின் கண் தேவலை, என் மேல் குற்றம் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

சாக்கடைத் தண்ணீர் கேட்பதற்கா மன்னிப்பெல்லாம் கேட்கிறாய்? பத்தொன்பது வருஷமாக இந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இது வரை ஒருத்தரும் என்னிடம் இதைக் கொடு என்று கேட்டதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள்தான் உண்டு. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். எங்கள் பம்ப் ஆபரேட்டர் கொட்டாவி (எந்நேரமும் விடுவதால் அந்தப் பெயர்) வாயை மூடிக்கொண்டு கேட்டான். "அண்ணே, நம்ம தண்ணிக்கு இவ்ளோ மரியாதையா?" என்றான்.

ஒன்று தெரிந்துகொள். நீங்கள் அங்கே எதைக் கலக்கினாலும் கடைசியில் அது என் வாசலுக்குத்தான் வருகிறது. விடுமுறை நாள் காலையில் ஊரே தலைக்குக் குளித்தால், மத்தியானம் என் தொட்டியில் நுரை இடுப்பளவு நிற்கும். நுரை கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் தெளித்து அடக்குவேன். நீ சொல்கிற சித்தப்பா பிள்ளை இத்தனை வருஷம் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தான் என்பது நீ சொல்லித்தான் தெரிகிறது.

கேனைக் கொடுத்தனுப்புகிறேன். மூடியை இறுக்காதே, உள்ளே இருக்கிற என் நுண்ணுயிர்ப் பட்டாளத்துக்கு மூச்சு முட்டும். உன் கெட்டிக்காரன் எப்படி இருப்பான்? கொஞ்சம் அனுப்பி வை, பார்க்கிறேன்.

ஆசிகளுடன்,
மாமா

*

பிப்ரவரி 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கேன் வந்து சேர்ந்தது. வேன் டிரைவர் அதை முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார். "பின்னாடி வெச்சா கவுந்துரும்மா, அப்புறம் வேனை வித்துட்டுத்தான் போகணும்" என்றார்.

இது ஒத்திகைக்கு. நிஜச் சோதனை ஏப்ரலில். மூச்சு அளக்கும் பெரிய மிஷின் பழுதுபார்க்கப் போயிருக்கிறது, ஒத்திகைக்குப் பழைய சின்ன மிஷின் போதும். அது வந்ததும் புதிதாக ஒரு கேன் கேட்பேன்.

சோதனை என்னவென்று சொல்கிறேன். பழுப்பு நிறப் பாட்டிலில் உங்கள் தண்ணீர் கொஞ்சம், கெட்டிக்காரன் கொஞ்சம். வேறு சாப்பாடு கிடையாது. மூடி, சூடு மாறாத அலமாரியில் வைத்துவிடுவோம். உங்கள் பட்டாளம் அதைத் தின்றால் மூச்சு விடும். அந்த மூச்சை மிஷின் கணக்கெடுக்கும். இருபத்தெட்டு நாளுக்குள் நூற்றுக்கு அறுபது தின்றுவிட்டால் 'தண்ணீரில் எளிதில் மட்கும்' என்று லேபிளில் போடலாம். ஐம்பத்தொன்பது என்றால் போட முடியாது.

இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு இது பரீட்சை மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பொருள்கள் தோற்றுவிட்டன. மூன்றாவதும் தோற்றால் வேலையை மூடிவிட்டுப் பழைய பாலிமரோடு இருந்துகொள்ளலாம் என்று மேலிடத்தில் பேச்சு. என்னை இதற்காகத்தான் எடுத்தார்கள். எனக்கு வேலை நிரந்தரமாகுமா என்பதும் ஜூலையில்தான் தெரியும். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

கெட்டிக்காரன் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும். நக்கிப் பார்க்காதீர்கள்.

அன்புடன்,
மருமகள்

*

மார்ச் 2

வாயாடிக்கு,

எல்லோரும் சுகம். பாட்டில் கிடைத்தது. நக்கவில்லை. கொட்டாவி முகர்ந்து பார்த்தான், அவ்வளவுதான்.

பரீட்சை ஏப்ரலில் எந்தத் தேதி என்று சரியாக எழுது. இன்னும் இரண்டு லிட்டர் கெட்டிக்காரன் அனுப்ப முடியுமா? அத்தை பாத்திரம் கழுவப் போட்டுப் பார்த்தாள், பிடித்துவிட்டது.

நீ ஒன்றுக்கும் கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மெலிந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள்.

மாமா

*

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு லிட்டர் வைத்திருக்கிறேன். ஏப்ரல் 14 காலை பாட்டில்களை மூடுகிறோம். முந்தின நாள் எடுத்த தண்ணீராக இருக்க வேண்டும்.

அத்தைக்குப் பிடித்தது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் கெட்டிக்காரனில் சோப்பே கிடையாதே, எண்ணெய்ப் பசை எப்படிப் போகிறது? கை வழவழப்பாக இருக்கிறதா, ஒட்டுகிறதா என்று அத்தையிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டில் புழங்குகிறவர்கள் சொல்வதுதான் எங்களுக்குப் பெரிய தகவல். அவசரமில்லை.

அன்புடன்,
மருமகள்

*

ஏப்ரல் 25

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்பு, அத்தையின் கண் எல்லாம் நலமா? நீங்கள் பதில் போடவில்லையென்றாலும் கேன் சரியான நாளில் வந்துவிட்டது.

மாமா, மிஷின் பக்கத்தில் நின்றபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றொன்று! பதினொரு நாளில் தொண்ணூற்றொன்று! இரண்டாம் நாளே மிஷினில் கோடு செங்குத்தாக ஏறியது. என் பக்கத்து மேஜைக்காரன், ஆள் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நெட்டை, குனிந்து பார்த்துவிட்டு, "உங்க மாமா ஊரு பூச்சிங்க ஏழு ஜென்மமா பட்டினியா கெடந்துச்சா?" என்று கேட்டான். எங்கள் ஆய்வகத் தலைவி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர், தன் அறையிலிருந்து எழுந்து வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். இது வரை அப்படி வந்ததில்லை. "நல்லா இருக்கு" என்று இரண்டே வார்த்தை. மத்தியானமே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். லேபிள் வரையச் சொல்லிவிட்டார்களாம்.

ஒத்திகையில் உங்கள் முதல் கேன் இவ்வளவு வேகமாகத் தின்னவில்லை. ஏன் என்று தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றவும் இல்லை.

சந்தோஷத்துடன்,
மருமகள்

*

மே 1

என் கெட்டிக்கார மருமகளுக்கு,

படித்தேன். அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கொட்டாவிக்கும் படித்துக் காட்டினேன்.

நான்தான் சொன்னேனே, கவலைப்படாதே என்று.

இங்கு வெயில் அதிகம். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

மாமா

*

மே 8

அன்பு மகளுக்கு அத்தை எழுதுவது,

நீ பாஸானது கேட்டு மனசு குளிர்ந்துவிட்டது. உன்னைப் பெற்றவளும் நேற்றுப் போனில் அழுதாள், சிரித்தாள்.

உன் பழைய கடிதம் ஒன்று மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. துவைக்கப் போடும்போது எடுத்தேன். என் கை வழவழப்பாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். என்னம்மா கேள்வி இது? எந்தப் பாட்டிலையும் நான் கண்ணால் பார்க்கவில்லையே. இவர் எல்லாவற்றையும் வேலை செய்யும் இடத்துக்கல்லவா கொண்டுபோனார். அங்கே ஷெட்டில் ஒரு நீல டிரம்மை வைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் போய் வந்தார். "டிரம்முல என்ன, குழந்தையா இருக்கு?" என்று கேட்டேன். "பாப்பாவோட பரீட்சை இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிச்சமிருந்தால் எனக்கும் ஒரு பாட்டில் அனுப்பு.

தலைக்கு எண்ணெய் வை. வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அத்தை

*

மே 12

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. ஏப்ரல் 13 அன்று என் கேனில் நிரப்பியது தொட்டித் தண்ணீரா, நீல டிரம்மின் தண்ணீரா?

மருமகள்

*

ஜூன் 3

மருமகளுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு உடம்பு காரணமில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

டிரம் தண்ணீர்தான்.

ஒளித்துச் செய்தேன் என்று நினைக்காதே. இது எங்கள் தொழில். புதிதாக ஒரு தொழிற்சாலை திறந்து, அதன் கழிவு வரப்போகிறது என்றால், முதல் நாளே மொத்தத்தையும் தொட்டியில் திறந்துவிட மாட்டோம். பட்டாளம் செத்துப்போகும். முதலில் ஒரு டிரம்மில் தொட்டித் தண்ணீர் எடுத்து, காற்றுக் குழாய் விட்டு, அந்தக் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்குவோம். பழகிவிட்டால் பிறகு என்ன கொடுத்தாலும் தின்னும். மூன்று தொழிற்சாலைகளுக்கு அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

நீ பரீட்சை என்று எழுதினாய். இரண்டு தோற்றுவிட்டன என்று எழுதினாய். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணாமல் அனுப்புவார்களா? தினம் ஒரு மூடி ஊற்றினேன். முதல் வாரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து ஆளையே விழுங்குகிற மாதிரி தின்றன. உன்னிடம் சொன்னால் "வேண்டாம் மாமா, உங்களுக்குத் தொந்தரவு" என்பாய். அதனால் அத்தை பெயரைச் சொன்னேன்.

நீ ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டாயே, அதில்தான் புரிந்தது, எங்கேயோ இடித்துவிட்டேன் என்று. எங்கே என்று எழுது.

மாமா

*

ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

உள்ளதைச் சொன்னதற்கு நன்றி. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை.

இடித்த இடத்தைச் சொல்கிறேன். பரீட்சை எழுதியது உங்கள் பட்டாளம் இல்லை, மாமா. என் கெட்டிக்காரன். முன்னே பின்னே அவனைப் பார்த்தே இராத நுண்ணுயிர்கள் அவனைத் தின்கின்றனவா என்பதுதான் கேள்வி. பழக்கிய தண்ணீரைப் போட்டால் அந்தப் பரீட்சை செல்லாது. விதியிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஒத்திகைக் கேன் மெதுவாகத் தின்றபோதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க மனம் வரவில்லை, அது என் தப்பு.

மேடத்திடம் சொல்லப்போகிறேன். திங்கட்கிழமை.

மருமகள்

*

ஜூன் 28

வாயாடிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. திங்கட்கிழமை சொல்லப்போகிறேன் என்றாய், அதன் பிறகு மூன்று திங்கட்கிழமை போய்விட்டது. வேன் டிரைவரைக் கேட்டால் "பாப்பா நல்லாத்தான் இருக்கு சார், முன்னைக்கு இப்ப பேசுது" என்கிறார். அது எந்த மாதிரிப் பேச்சோ தெரியவில்லை.

வேலை போய்விட்டதா? போயிருந்தால் மறைக்காதே. நான் வந்து உங்கள் மேடத்திடம் நேரில் சொல்கிறேன், தப்பு செய்தவன் நான்தான் என்று. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிரம்மைக் கவிழ்த்துக் கழுவி வைத்தாயிற்று. இனி உன் பாட்டில் இருக்கிற திசையில் தலை வைத்துப் படுக்க மாட்டேன். உனக்கு நல்லது செய்கிறேன் என்று எதிலும் கை வைக்கவும் மாட்டேன்.

உன் பாடத்தை உன்னிடமே கேட்டிருக்கலாம். அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

மாமா

*

ஜூலை 10

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். லீவை ரத்து செய்யுங்கள். வேலை போகவில்லை.

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தது வருத்தத்தால் அல்ல. பாதி விஷயத்தை எழுதி உங்களை மீதிப் பாதிக்குக் காக்க வைக்க வேண்டாம் என்று இருபத்தெட்டு நாள் பொறுத்தேன். இப்படி மௌனமாக இருந்தால் நீங்கள் என்னவெல்லாம் நினைப்பீர்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. மன்னியுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை மேடம் அறை வாசலில் நின்றேன். உள்ளே போவதும் திரும்புவதுமாக இருந்ததைப் பார்த்து நெட்டை வந்து எனக்குப் பதிலாகக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிட்டான்.

"மேடம், அந்தத் தொண்ணூத்தொண்ணு தப்பு."

"மிஷின் தப்பா?"

"இல்ல மேடம். மாமா தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நான் உங்கள் கடிதத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். (கேட்காமல் காட்டியதற்கு இன்னொரு மன்னிப்பு.) "பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணாமல் அனுப்புவார்களா" என்ற இடத்தில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் போனை எடுத்து லேபிள் வேலையை நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ கத்தியது எனக்கே கேட்டது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கத்தி முடிச்சதும் சொல்லுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வேற தண்ணி கொண்டுவா. சொந்தக்காரங்க இல்லாத இடத்துலேர்ந்து" என்றார்.

பக்கத்து நிலையத்துக்கு மறுபடி போன் செய்தேன். "யாரு? யாரு?" என்றார்கள். மூன்றாவது "யாரு"வுக்கு நான் யார் என்று சொன்னேன். போய் நானே ஏணியில் ஏறி, வாளியைக் கயிற்றில் விட்டு எடுத்தேன். உங்கள் முழங்கால் ஏன் வலிக்கிறது என்று தெரிந்தது.

நேற்றோடு இருபத்தெட்டு நாள் முடிந்தது. நாற்பத்தெட்டு.

அறுபது வரவில்லை, மாமா. லேபிளில் போட முடியாது. இந்த வருஷம் கடைக்குப் போகாது. எனக்கும் நிரந்தரம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது. ஆனால் பக்கத்துப் பாட்டிலில் வைத்திருந்த பழைய பாலிமர் எவ்வளவு தெரியுமா? மூன்று. மேடம் இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். வேலையை மூடவில்லை. கெட்டிக்காரனின் நீளமான மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் குட்டையாக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், குட்டையாக இருந்தால் தின்பது சுலபம். அதை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஓரமாக மேஜை கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று முழுக்க அழுவேன் என்று எதிர்பார்த்தேன், அழுகை வரவில்லை. தொண்ணூற்றொன்று வந்த அன்று இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நாற்பத்தெட்டு வந்த அன்று நன்றாகச் சாப்பிட்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நாப்பத்தெட்டுன்னா பாஸ்தானே?" என்றாள். அவளுக்கு முப்பத்தைந்து எடுத்தாலே பாஸ்.

அத்தைக்கு என் அன்பு. ஒரு பாட்டில் தனியாக அனுப்பியிருக்கிறேன், சோப்புக் கலந்தது. அதை நீங்கள் தொடக் கூடாது.

என்றும் உங்கள்,
வாயாடி

மடித்த காகிதத்தைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். கேட்க வந்ததைக் கேட்காமலே உறையை ஒட்டப் பார்த்தேன்.

இன்று காலை மேடம் கூப்பிட்டார். "பழகாத தண்ணியில நாப்பத்தெட்டு, பழகின தண்ணியில தொண்ணூத்தொண்ணு. ஊரே தினம் இதைக் குழாயில ஊத்தினா எல்லாத் தொட்டியும் தானே பழகிடும். எத்தனை நாள்ல பழகும், எவ்வளவு ஊத்தினா பழகும்? நம்ம கம்பெனியில யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான், அவரும் எழுதி வைக்கல" என்றார். அது வேறு பரீட்சையாம். அதில் பழக்குவது தப்பில்லையாம், பழக்குவதுதான் பாடமே.

கையே வைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டீர்கள், தெரியும். அதனால்தான் கடைசி வரை இழுத்தேன். இந்த முறை இரண்டு டிரம். ஒன்றில் அளந்து ஊற்ற வேண்டும், மற்றதைத் தொடவே கூடாது. தினமும் தேதி, அளவு, எழுதிக் கையெழுத்து. சூப்பர்வைசருக்குக் கடிதமும், உங்கள் பெயர் அச்சிட்ட நோட்டும், நான்கு லிட்டரும் இதே வேனில் வருகின்றன.

மாமா, மறுபடியும் ஊற்றுங்கள்.